ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் எந்தப் பள்ளி? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், கோடை விடுமுறை தொடங்கும் முன்பே ஒரு பேச்சு தொடங்கிவிடும். ஆறாம் வகுப்பு எங்கே? வாசகர்கள் கேட்பதையெல்லாம் நான்கு கேள்விக்குள் அடக்கிவிடலாம். "இப்போது படிக்கும் நடுநிலைப்பள்ளியிலேயே எட்டு வரை இருக்கட்டுமா?" "டவுன் மேல்நிலைப்பள்ளியில் ஆறிலேயே சேர்த்துவிட்டால் பன்னிரண்டு வரை கவலை இல்லையே?" "கொஞ்சம் கடன் ஆனாலும் சிபிஎஸ்இ நல்லதா?" "ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் சொல்லித்தரும் விடுதிப் பள்ளி இருக்கிறதாம், விடலாமா?"

கேட்பவர்கள் எல்லாருடைய கண்ணும் பன்னிரண்டாம் வகுப்பின் மேல்தான். நடுவில் இருக்கும் ஆறு, ஏழு, எட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்து வயதில் உள்ளே போகும் பிள்ளை பதின்மூன்றில் வேறு ஆளாக வெளியே வருகிறது. குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, பல பெண் பிள்ளைகள் இந்த மூன்று வருடத்துக்குள்தான் வயதுக்கு வருகிறார்கள். அப்பா சொல்வதைவிடப் பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்வது பெரிதாகிவிடுகிறது. அதனால் நான் முதலில் இந்த மூன்று வருடத்துக்கு எந்தப் பள்ளி பொருந்தும் என்று பார்ப்பேன். பன்னிரண்டாம் வகுப்பு அதற்கு அப்புறம்தான். ஒரே ஒரு சிக்கல், தமிழ்நாட்டில் பல அரசுச் சலுகைகளின் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. அதைத் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது?

பிள்ளையை அறிந்த ஒரு பெரியவர். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். ஐந்து வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நாள் முழுக்க இருந்திருப்பார். யார் சாப்பிடவில்லை, யார் அழுதிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆறில் பாடத்துக்கு ஒருவர் வந்து போவார். ஆறு பேர் வந்து போகும் வகுப்பில் பிள்ளையின் முகம் வாடியிருப்பதை யார் கவனிப்பது? அமெரிக்காவில் கார்னகி அமைப்பின் குழு ஒன்று 1989-இல் இந்த வயதுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும், ஒவ்வொரு மாணவரையும் நன்றாக அறிந்த ஒரு பெரியவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்பது முக்கியமான பரிந்துரை. கட்டடம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஒரு நாளின் நேரக் கணக்கு. பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பதின்மூன்றுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். காலை ஏழு மணிக்கு வேன், மாலை ஐந்தரைக்கு வீடு, எட்டு வரை டியூஷன், பத்து வரை வீட்டுப்பாடம், மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுப்புதல். கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரம்கூடத் தேறாது. விளையாட்டு இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

பாடத்துக்கு ஆள் இருக்கிறதா? ஆறு முதல் எட்டு வரை கணிதமும் அறிவியலும் திடீரென்று கனமாகும். செய்துபார்த்துப் படிக்கும் வயதும் இதுதான்.

உடலும் பாதுகாப்பும். தண்ணீர் வரும், கதவு தாழ்போடும் கழிப்பறை. நாப்கின் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேட்க ஓர் ஆசிரியை. அடி, திட்டு, கேலி நடந்தால் சொல்ல ஓர் இடம்.

காசும் காகிதமும். கட்டண அட்டையில் இருக்கும் காசு, இல்லாத காசு, பின்னாளில் கைக்கு வரும் அல்லது கைவிட்டுப் போகும் சலுகைகள்.

## 1. நடுநிலைப்பள்ளியிலேயே எட்டு வரை

ஒன்று முதல் எட்டு வரை உள்ள ஊராட்சி ஒன்றிய, நகராட்சிப் பள்ளிகளும் உதவிபெறும் நடுநிலைப்பள்ளிகளும் இதில் அடங்கும். பிள்ளை ஏற்கெனவே அப்படி ஒன்றில் படிக்கிறது என்றால், ஒன்றும் செய்யாமல் அங்கேயே விடுவதும் ஒரு முடிவுதான். அதை நம் வீடுகளில் யாரும் முடிவாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதன் பெரிய பலம் முதல் அளவுகோலில் இருக்கிறது. தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, வீட்டு நிலைமையும் தெரியும். நடந்து போகும் தூரம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குப் பழகிய இடம், பழகிய டீச்சர். ஆறாம் வகுப்பில் சேரும்போது பெரிய பள்ளியின் கடைக்குட்டியாக நிற்க வேண்டியதில்லை; எட்டாம் வகுப்பில் இவர்கள்தான் பள்ளியின் அண்ணன், அக்காக்கள். சின்னப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போவதும் காலை வழிபாட்டை நடத்துவதும் இவர்கள் வேலை. அந்தப் பொறுப்பு இந்த வயதுக்குச் செய்யும் நன்மையை எந்த ஆளுமை வகுப்பும் செய்யாது.

இதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் உண்டு. ஜோனா ராக்காஃப், பெஞ்சமின் லாக்வுட் இருவரும் நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறிலோ ஏழிலோ தனி நடுநிலைப்பள்ளிக்கு மாறிய பிள்ளைகளின் தேர்ச்சி, எட்டு வரை ஒரே பள்ளியில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் சரிந்திருந்தது. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. ஆனால் இடமாற்றம் என்பதே ஒரு செலவு என்பதை அது காட்டுகிறது.

சரி, குறை எங்கே? ஆசிரியர் எண்ணிக்கையில். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியல் கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் ஒரு பணியிடம் காலியானால் கணக்கு வாத்தியாரே ஆங்கிலமும் எடுப்பார். அவர் மாற்றலில் போய்விட்டால் அந்த வருடம் போச்சு. ஆய்வகம் பெரும்பாலும் ஓர் அலமாரி அளவில் இருக்கும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளும் உண்டு.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. எப்படியும் பள்ளி மாற வேண்டும், அடுத்த வருடமே பொதுத்தேர்வு. ஊரில் பெயர்பெற்ற பள்ளிகள் ஆறிலேயே நிரம்பிவிடும். ஒன்பதில் இடம் கிடைப்பது பாடு.

பட்டதாரி ஆசிரியர்கள் மூவராவது நிலையாக இருந்தால், பிள்ளை கூச்ச சுபாவமாகவோ வாசிப்பில் இன்னும் தடுமாறுவதாகவோ இருந்தால், இதைத்தான் நான் சொல்வேன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் புதிய இடத்தில் அறுபது பேருக்கு நடுவே உட்கார வைத்தால் அது வாயையே திறக்காது. ஒரே வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் என்றால் கதை வேறு. இந்த வயதில் நண்பர் கூட்டம் வேண்டும், ஏழு பேருக்குள் ஒருவரோடு சண்டை என்றால் வருடம் முழுக்கத் தனிமைதான்.

## 2. அரசு அல்லது உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி

ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகம். மைதானம், நூலகம், ஆய்வகம், ஹைடெக் லேப், உடற்கல்வி ஆசிரியர், சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ் எல்லாம் இங்கேதான் ஒழுங்காக இருக்க வாய்ப்பு. பாடத்துக்குப் பாடம் அந்தப் பாடத்தையே படித்த ஆசிரியர். கபடியோ ஓவியமோ கணக்கோ, எதில் ஆர்வம் இருந்தாலும் அதே ஆர்வமுள்ள இன்னொரு பிள்ளை கண்டிப்பாக இருக்கும். துடிப்பான பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. மேல்நிலைப்பள்ளியின் உயிர் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் இருக்கிறது. நல்ல ஆசிரியர்களை அங்கே போட்டுவிட்டு மிச்சம் இருப்பவர்களை ஆறுக்கு அனுப்புவது பல பள்ளிகளில் வழக்கம். ஜனவரிக்கு மேல் பொதுத்தேர்வுச் சுரம் ஏறினால் ஆறாம் வகுப்பில் பாதிப் பாடவேளை 'அமைதியாகப் படியுங்கள்' என்று ஓடும். டவுன் பள்ளிகளில் ஒரு பிரிவில் அறுபது பேர் இருப்பதும் உண்டு. கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாயிலும் பதினோரு வயதுப் பிள்ளை பதினேழு வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். சேர்க்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் யார், எத்தனை பாடவேளை அவர் அந்த வகுப்பில் இருப்பார்?" பதில் தெளிவாக வந்தால் பள்ளியில் யாரோ இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உதவிபெறும் பள்ளியாக இருந்தால் கூடுதலாக ஒரு விசாரணை வேண்டும். பாளையங்கோட்டை, திருச்சி, கும்பகோணம் போன்ற ஊர்களில் நூறாண்டு தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. ஒழுங்கு, பாரம்பரியம், முன்னாள் மாணவர் சங்கம் எல்லாம் உண்டு. ஆனால் பல உதவிபெறும் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிக்கென்று சுயநிதிப் பிரிவு தனியாக நடக்கிறது. வாசலில் ஒரே பெயர்ப்பலகை, உள்ளே இரண்டு கணக்கு. பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதை ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சலுகை கேட்டுப் போகும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

தமிழ்வழியில் ஐந்து வரை படித்த பிள்ளையை ஆறில் ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் கதை வாசித்துப் புரிந்துகொள்கிறது என்றால் மாற்றலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை என்றால், அறிவியலைப் புரிந்து படிக்க வேண்டிய வருடத்தில் மனப்பாடம் செய்யப் பழகிவிடும், அந்தப் பழக்கம் லேசில் போகாது. மாற்றினால் இன்னொன்றும் போகும்: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமை. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

## 3. தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ

தனியாரில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. பாடத்திட்டத்தின் பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாநிலப் பாடநூல்கள் 2018 முதல் புதிதாக எழுதப்பட்ட பிறகு, ஆறு முதல் எட்டு வரை சிபிஎஸ்இ பாடத்துக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வித்தியாசம் சொல்லித்தரும் விதத்திலும் தேர்வு வைக்கும் விதத்திலும்தான். வாராவாரம் டெஸ்ட், அதற்கு ரேங்க், அதைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடுவது என்று நடத்தும் பள்ளி எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் பதினோரு வயதுக்கு ஏற்றதல்ல.

காசைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்கு மேல் வேன், சீருடை இரண்டு வகை, ஷூ இரண்டு வகை, பள்ளியிலேயே வாங்க வேண்டிய நோட்டு, ஆண்டுவிழா உடை, ரோபோடிக்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும். இதற்கும் மேல் டியூஷன். பள்ளிக்கு இவ்வளவு கட்டிவிட்டு அதே பாடத்துக்குத் தெருமுனையில் மறுபடி காசு கட்டுகிறோம் என்றால், முதல் காசு எதற்கு? கடனைச் சொல்ல வேண்டியதில்லை. "உனக்காகத்தான் கட்டுகிறோம்" என்ற பேச்சை மூன்று வருடம் கேட்டு வளரும் பிள்ளைக்கு, மார்க் குறைந்த அட்டையை வீட்டில் காட்டும் துணிவு இருக்காது.

தமிழ்வழிப் பிள்ளையை ஆறில் நேரடியாக சிபிஎஸ்இயில் சேர்த்தால் மொழி மாற்றத்தோடு மூன்றாம் மொழியும் சேர்ந்து வரும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தி படித்திருப்பார்கள். இவர்கள் எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஒரே வருடத்தில் பிள்ளையின் மேல் இத்தனையும் ஏற்றலாமா?

ஐந்து வரை அதே தனியார் பள்ளியில் மகிழ்ச்சியாகப் படித்த பிள்ளையை, கட்டணம் கையைக் கடிக்காதவரை, ஆறில் பிடுங்க வேண்டியதில்லை. முதல் வழிக்குச் சொன்ன அதே நியாயம் இதற்கும் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு எட்டு வரைதான் கட்டணம் கிடையாது. ஒன்பதில் முழுக் கட்டணமும் தலையில் விழும், அதற்கு இப்போதே திட்டம் வேண்டும்.

## 4. விடுதி, நீட் 'ஃபவுண்டேஷன்'

இங்கே நான் நடுநிலையாக இருக்கப்போவதில்லை. நீட் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். ஆறாம் வகுப்பில் அதற்கு அடித்தளம் என்பது நன்றாகக் கணக்குப் போடுவதும், படித்ததைப் புரிந்துகொள்வதும், ஏன் என்று கேட்பதும்தான். அதை எந்த நல்ல பள்ளியும் 'ஃபவுண்டேஷன்' என்ற பெயர் இல்லாமலே செய்கிறது. 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதே பயிற்சி பள்ளி வளாகத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் பிள்ளைக்கு வயது கூடிவிடுமா?

கட்டணத்தில் வராத செலவு, பிள்ளை வளர்வதை நீங்கள் பார்க்காமல் போவது. குரல் உடைந்த மகனை மாதம் ஒரு ஞாயிறு பார்க்கிறீர்கள். முதல் மாதவிடாய் வந்த மகளுக்குப் பக்கத்தில் இருப்பவர் வார்டன். கேலியோ அத்துமீறலோ நடந்தால் யாரிடம் சொல்லும்? வாரம் ஒரு முறை, வரிசையில் நின்று, பின்னால் ஆள் நிற்க, மூன்று நிமிடம் பேசும் போனில் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது.

விடுதியே சரியான முடிவாகும் குடும்பங்களும் உண்டு. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உள்ள குக்கிராமங்களுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இல்லையென்றால் படிப்பே இல்லை. படிப்பை நடுவில் விட்ட பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா இருக்கிறது. குடியோ சண்டையோ ஓயாத வீடு, வேலைக்காக ஊர் ஊராகப் போகும் பெற்றோர் என்றாலும் நல்ல விடுதி ஒரு காப்புதான். உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகர் சைனிக் பள்ளி போல, நுழைவுத் தேர்வு எழுதி ஆறில் சேரும் இடங்களுக்குப் பிள்ளையே ஆசைப்பட்டுப் போகிறது என்றால் அதுவும் வேறு கணக்கு. எந்த விடுதியாக இருந்தாலும் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் போய் நிற்க விடுவார்களா என்றும் கேளுங்கள்.

## காகிதக் கணக்கு

| | அரசுப் பள்ளி | உதவிபெறும் பள்ளி | தனியார் பள்ளி |
|---|---|---|---|
| மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5% ஒதுக்கீடு | உண்டு, 6 முதல் 12 வரை படித்தால் | இல்லை | இல்லை. 25% ஒதுக்கீட்டில் 8 வரை படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் உண்டு |
| கல்லூரியில் மாதம் ₹1,000 (புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்) | உண்டு, 6 முதல் 12 வரை படித்தால் | தமிழ்வழியில் படித்தால் உண்டு | இல்லை. 25% ஒதுக்கீட்டில் 8 வரை படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் உண்டு |
| எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். எனும் உதவித்தொகைத் தேர்வு (தேறினால் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ₹12,000) | எழுதலாம் | எழுதலாம் | எழுத முடியாது |

திட்டங்களின் விதிகள் மாறக்கூடியவை, சேர்க்கையின்போது தலைமையாசிரியரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். 7.5 சதவீதத்துக்காக மட்டும் ஒரு மோசமான அரசுப் பள்ளியில் பிள்ளையைத் தள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவக் கனவோடு ஆறிலேயே தனியார் ஃபவுண்டேஷனில் சேர்ப்பவர்கள், அந்தக் கனவுக்கு இருந்த ஒரு வாசலைத் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

## பள்ளிக்குள் போய்ப் பார்க்கும்போது

சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்று எல்லாப் பள்ளியும் அழகாக இருக்கும். ஒரு சாதாரண நாளில் மதிய உணவு நேரத்தில் போங்கள். பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள், ஆசிரியர் யாராவது அவர்களோடு பேசுகிறாரா என்று பாருங்கள். கழிப்பறையை எட்டிப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம், "உனக்குப் பிடித்த டீச்சர் யார்?" என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வி உதவி) என்ற எண்கள் சுவரில் கண்ணில் படுகிற மாதிரி எழுதியிருக்கின்றனவா? அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. "அடித்துத் திருத்தினால் தப்பில்லை சார்" என்று தலைமையாசிரியரே பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பிள்ளையையும் கூட்டிப்போங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், ஆனால் இரண்டு பள்ளிகளில் எது பிடித்தது, ஏன் என்று கேட்டுவிட்டு எடுங்கள். இந்த வயதில் தன்னைக் கேட்டார்கள் என்பதே பிள்ளைக்குப் பெரிது.

## சேர்த்த பிறகு சரிவரவில்லை என்றால்

எட்டு வரை பள்ளி மாறுவது சட்டப்படி எளிது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்தால் இடம் மறுக்கவோ இழுத்தடிக்கவோ முடியாது. ஆறு, ஏழாம் வகுப்புப் பாடநூல்கள் பருவவாரியாக இருப்பதால், மாற வேண்டுமென்றால் காலாண்டுத் தேர்வு முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கும்போது மாறுவது பிள்ளைக்குச் சுலபம். ஆனால் அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, "ஆறாம் வகுப்பு ஒரு வருடம் தனியாரில் போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் ஏழில் திரும்பி வந்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டணம் கட்டிச் சேர்ந்த அந்த ஒரு வருடத்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற தொடர்ச்சி அறுந்துவிடும். ஏழில் திரும்பி வந்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீடு திரும்பி வராது.